“ஒன்றும் செய்யாது”

புதுவைக் கடற்கரைச் சாலையில் மாலை 6 மணி முதல் மறுநாள் காலை 7.30 மணி வரை வாகனங்கள் அனுமதிக்கப்படுவதில்லை. ஆதலால் விடியற்காலை வேளையில் அச்சாலை முழுவதும் நடப்போருக்கே உரியதாகிவிடுகிறது. முதியோர், மருத்துவர் சொல்லி நடப்போர், குழந்தைகளோடு வரும் இளம் பெற்றோர், விடுமுறைக்கு வந்த வெளியூரார் எனப் பலர் நடுவே, வளர்ப்பு நாய்களோடு வருவோரும் உண்டு. அண்மையில் ஒரு நாள், திருப்பலிக்கு முன் சிறிது நடந்து வரலாமென்று சென்றபோது, காந்தி சிலைக்கு அருகில் ஒரு காட்சியைக் கண்டேன். கைத்தடி ஊன்றி வந்த முதியவர் ஒருவர், தம்மை நோக்கி ஓடிவந்த பெரிய நாயைக் கண்டு, தடியைப் பாதி உயர்த்தியவாறு அசையாமல் நின்றுவிட்டார். நாயின் கழுத்தில் பட்டை இருந்தது. கயிறோ, இருபதடி பின்னால் வந்துகொண்டிருந்த உரிமையாளரின் தோளில் தொங்கியது. அவர் அங்கிருந்தே முகமலர்ச்சியோடு, “பயப்படாதீங்க சார், ஒண்ணும் செய்யாது” என்றார்.

நாயும் உண்மையிலேயே ஒன்றும் செய்யவில்லை. முதியவரின் வேட்டியை முகர்ந்துவிட்டு அப்பால் சென்றது. உரிமையாளர் புன்னகைத்தவாறு கடந்து போனார். முதியவரோ கடலோரச் சுவரில் அமர்ந்து நெடுநேரம் நெஞ்சைத் தடவிக்கொண்டிருந்தார்.

“ஒன்றும் செய்யாது.” நாய் வளர்ப்போர் நாவில் இயல்பாக வரும் சொற்கள் இவை. பொய்யென்று இவற்றைத் தள்ளிவிடவும் இயலாது. பெரும்பாலான நேரங்களில் உண்மையாகவே முடிகின்றன. நானும் இவற்றைச் சொல்லியிருக்கிறேன். அவ்வாறு சொன்னதற்காக வேறொருவர் கொடுக்க நேர்ந்த விலையை என்னால் மறக்க முடியவில்லை. அதனாலேயே, சிறியதாகத் தோன்றும் இப்பொருளைப் பற்றி எழுதத் துணிகிறேன்.

ஏரிப்பக்கம் நடந்தது

சில ஆண்டுகளுக்கு முன் நகருக்கு மேற்கே ஒரு சிறு பங்கில் பணியாற்றி வந்தேன். அங்கிருந்து ஊசுட்டேரி நடந்து செல்லும் தொலைவுதான். புதுவை வட்டாரத்தின் மிகப் பெரிய ஏரி அது. ஒரு பகுதி புதுவைக்கும் மறு பகுதி தமிழ்நாட்டுக்கும் உரியது. புதுவைக்குரிய பகுதி 2008-ஆம் ஆண்டில் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. ஏரிக்கு அப்பால் வயல்களும் தரிசு நிலங்களும் விரிந்து கிடக்கும். சம்பா அறுவடை முடிந்தபின், தாள் மட்டும் நிற்கும் அவ்வயல்களில் ஆடுமாடுகள் தடையின்றி மேயும்.

எங்கள் பங்கு இல்லத்தில் ஒரு நாட்டு நாய் இருந்தது. ஒரு நாள் நண்பகல், மூவேளைச் செபத்திற்காக மணி அடித்துக்கொண்டிருந்த வேளையில், எங்கிருந்தோ வந்து கோயிற்படியில் படுத்துக்கொண்ட குட்டி அது. ஆகவே மணி என்றே பெயரிட்டோம். தடுப்பூசி போட்டு, வேளை தவறாது உணவிட்டு வளர்த்தோம். பகலெல்லாம் கட்டிவைத்து, மாலையில் நான் வயற்பக்கம் அழைத்துச் செல்வேன். திறந்தவெளி வந்ததும் கயிற்றை அவிழ்த்துவிடுவேன். பகல் முழுவதும் கட்டுண்டு கிடந்த ஓர் உயிர், விடுபட்ட கணத்தில் காற்றைப் போலப் பாய்ந்தோடுவதைக் காண்பதில் எனக்கிருந்த மகிழ்ச்சியை நான் மறைக்க விரும்பவில்லை. தனித்து வாழும் குருவுக்கு இத்தகைய மகிழ்ச்சிகள் சிலவே.

எங்கள் உபதேசியார் வயலையும் ஆடுமாட்டையும் அறிந்தவர். “சாமி, வயக்காட்டுப் பக்கம் போறப்ப கயித்தை அவுக்காதீங்க. ஆடு மேயுற இடம்” என்று ஒருமுறை சொன்னார். “மணி ஒண்ணும் செய்யமாட்டான், உபதேசியாரே” என்றேன். அதற்கு அடுத்த வாரம், தரிசு நிலமொன்றில் மணி ஓடியபோது, ஆட்காட்டிக் குருவிகள் இரண்டு வீறிட்டுக் கத்தியவாறு அவன் தலைக்கு மேல் தாழ்ந்து தாழ்ந்து வட்டமிட்டன. வெறுந்தரையில், கூழாங்கற்களைப் போலத் தோன்றும் முட்டைகளையிட்டு அடைகாக்கும் பறவை அது. தன் முட்டைகளுக்காக அஞ்சித்தான் அப்படிக் கதறுகிறது என்பது எனக்குத் தெரியும். ஆயினும் நான் நின்று வேடிக்கை பார்த்தேன். அது ஓர் எச்சரிக்கை என்று எனக்குத் தோன்றவில்லை.

தவக்காலத்தில் ஒரு மாலை. வரப்பைத் தாண்டியதும் ஏழெட்டு வெள்ளாடுகள் கண்ணில் பட்டன; சற்றுத் தள்ளிப் பனைமரத்தடியில் ஒரு மூதாட்டி அமர்ந்திருந்தார். நான் என்னவென்று உணர்வதற்குள் மணி பாய்ந்துவிட்டான். கூப்பிட்டேன்; திரும்பவில்லை. அவன் எந்த ஆட்டையும் கடிக்கவில்லை. வாலை ஆட்டியவாறு துரத்தினான், அவ்வளவே. ஆனால் மிரண்டோடிய ஆடுகளுள் சினையாயிருந்த ஒன்று, வறண்ட வாய்க்காலில் தலைகுப்புற விழுந்தது, முன்னங்கால் முறிந்தது. அன்றிரவே அதன் இரண்டு குட்டிகளும் செத்துப் பிறந்தன.

மறுநாள் காலை அம்மூதாட்டி பங்கு இல்லத்திற்கு வந்தார். கூச்சலிடவில்லை. நடந்ததைச் சொல்லிவிட்டுத் திண்ணையோரம் நின்றார். நான் உண்மையாகவே வருந்தினேன். எனினும் என் வாயிலிருந்து முதலில் வந்தவை என்னைக் காத்துக்கொள்ளும் சொற்களாகவே இருந்தன. “மணி கடிக்கலையேம்மா. விளையாடத்தான் ஓடினான். அவன் ஒண்ணும் செய்யமாட்டான்.”

“அது உங்களுக்குத் தெரியும், சாமி. ஆட்டுக்குத் தெரியுமா?” என்றார் அவர்.

குருமடத்தில் அறநெறி இறையியலைப் பாடமாகப் பயின்றவன் நான். அந்தக் கேள்விக்கு அன்று என்னிடம் விடை இருக்கவில்லை.

அறிந்தும் கட்டாதவன்

நாங்கள் பயின்ற பழைய அறநெறி நூல்கள் குற்றத்தை இருவகையாகப் பிரித்துக் காட்டும். தெரிந்தே தீமைக்கு இடங்கொடுத்து, மனச்சான்றின் முன் ஒருவரைப் பாவியாக்குவது இறையியல் குற்றம். தீய எண்ணம் எதுவுமின்றி, வெறும் கவனக்குறைவால் பிறருக்கு இழப்பு நேரும்போது எழுவது சட்டக் குற்றம். முதல் வகையில், ஈடு செய்யும் கடமை உடனடியாக மனச்சான்றைக் கட்டுகிறது. இரண்டாவதில், நீதிபதி தீர்ப்பளித்த பின்னரே கட்டுகிறது என்பது அந்நூல்களின் பொதுவான கருத்து. மூதாட்டி சென்றபின் இந்த வேறுபாட்டைத்தான் நான் பற்றிக்கொண்டேன். எனக்குத் தீய எண்ணம் இல்லை. ஆகவே பாவமும் இல்லை. ஏதேனும் கொடுத்தால் அது என் பெருந்தன்மை. இவ்வாறு எனக்கு நானே ஆறுதல் சொல்லிக்கொண்டேன்.

அன்று மாலை கோயிலில் அமர்ந்திருக்கையில் விடுதலைப் பயண நூலின் 21-ஆம் அதிகாரம் நினைவுக்கு வந்தது. முட்டும் மாட்டைப் பற்றிய பழைய சட்டம் அது. ஒருவனுடைய மாடு திடீரென ஒருவரை முட்டிக் கொன்றுவிட்டால் உரிமையாளன் குற்றமற்றவன். ஆனால் அம்மாடு முட்டும் பழக்கமுடையது என்பது முன்னரே அவனுக்கு அறிவிக்கப்பட்டும் அவன் அதைக் கட்டிவைக்கவில்லையெனில், பழி அவனையே சேரும். அதிகாரத்தின் இறுதியில், மாடு வேறொருவருடைய மாட்டைக் கொல்வது பற்றியும் இதே நெறி கூறப்படுகிறது. எதிர்பாராது நிகழ்ந்ததாயின் இருவரும் இழப்பைப் பகிர்ந்துகொள்ள வேண்டும். தெரிந்திருந்தும் கட்டிவைக்காதவனாயின், மாட்டுக்கு மாடு ஈடு தர வேண்டும்.

இச்சட்டத்தின் நுட்பத்தை எண்ணிப் பாருங்கள். மாட்டின் குணம் நல்லதா என்று அது கேட்பதில்லை. உரிமையாளன் நல்லவனா என்றும் கேட்பதில்லை. அவனுக்கு என்ன தெரிந்திருந்தது, தெரிந்தபின் என்ன செய்தான் என்று மட்டுமே கேட்கிறது. எனக்குத் தெரிந்திருந்தது. உபதேசியார் சொல்லியிருந்தார். ஆட்காட்டிக் குருவிகளும் தம் மொழியில் சொல்லியிருந்தன. ஆகவே நான் இரண்டாம் வகைக் குற்றத்தில் ஒதுங்கிக்கொள்ள முடியாது. கயிறு என் கையில் இருந்தது. அதை அவிழ்த்தது என் இன்பத்திற்காக.

பழைய இஸ்ரயேல் மக்களின் இந்த நெறி வேறு வழியில் நம் புதுவைக்கும் வந்து சேர்ந்திருந்தது. 1804-இல் பிரான்சில் இயற்றப்பட்ட உரிமையியல் சட்டத் தொகுப்பு 1819-இல் இங்கும் நடைமுறைக்கு வந்தது. அதன் 1385-ஆம் பிரிவு, விலங்கால் நேரும் இழப்புக்கு அதன் உரிமையாளரோ, அந்நேரத்தில் அதைப் பயன்படுத்துபவரோ பொறுப்பாளி என்றது. விலங்கு அவருடைய காவலில் இருந்தாலும் சரி, வழிதவறியோ தப்பியோ சென்றிருந்தாலும் சரி. இன்று நம் நாட்டில், 2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 291-ஆம் பிரிவு, தம் வசமுள்ள விலங்கால் மனித உயிருக்கு ஆபத்தோ கொடுங்காயமோ நேராதபடி போதிய கவனம் எடுக்கத் தவறுவோருக்கு 6 மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கிறது. இப்பிரிவு காப்பது மனித உயிரையும் உடலையும். ஓர் ஏழை மூதாட்டியின் சினையாட்டைப் பற்றி அது பேசவில்லை. சட்டம் நிற்கும் இடத்திற்கு அப்பாலும் மனச்சான்று நடக்க வேண்டியிருக்கிறது.

மறுவாரம் ஆட்டு வணிகம் அறிந்த ஒருவரிடம் விலை விசாரித்து, மருத்துவச் செலவையும் சேர்த்துக் கணக்கிட்டு, அதற்கு மேலும் ஒரு தொகை வைத்து எடுத்துக்கொண்டு மூதாட்டியின் வீட்டிற்குச் சென்றேன். அவர் பணத்தை எண்ணினார். மிகுதியாயிருந்ததைத் தனியே எடுத்து என் கையில் திருப்பித் தந்தார். “எனக்கு வரவேண்டியது வந்துடுச்சு, சாமி. இது வேணாம்” என்றார். அப்போதுதான் என் உள்ளத்தின் தந்திரம் எனக்கே புலப்பட்டது. கடனாகத் தர வேண்டியதைக் கொடையாக மாற்றி, குற்றவாளியாகச் சென்ற இடத்திலிருந்து வள்ளலாகத் திரும்பி வர முயன்றிருக்கிறேன். நீதிப்படி கொடுக்க வேண்டியதை அன்பின் கொடைபோல் காட்டலாகாது என்று, 1965-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் பொதுநிலையினரின் திருத்தூதுப்பணி பற்றிய தன் ஏட்டில் கற்பித்தது. எத்தனையோ மறையுரைகளில் நான் எடுத்துச் சொன்ன போதனை அது. அன்று அதை எனக்குக் கற்பித்தவர் ஏட்டைக் காணாத ஒரு மூதாட்டி.

கட்டியே போடுவதும் அறமன்று

அப்படியாயின் நாயை வெளியே அழைத்துச் செல்லாமலே இருந்துவிட்டால் என்ன? அந்நிகழ்ச்சிக்குப் பிறகு சில நாள்கள் நானும் அப்படித்தான் செய்தேன். மணி கயிற்றின் எல்லைக்குள் சுற்றிச் சுற்றி வந்து, தரையில் ஒரு வட்டத் தடமே விழுந்துவிட்டது. இரவெல்லாம் ஊளையிட்டான். என் குற்றத்துக்கான தண்டனையை அவனுக்கு விதித்துவிட்டேன்.

நம் நாட்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டம் (1960) இது பற்றித் தெளிவாகவே பேசுகிறது. வழக்கமாகக் கட்டியோ அடைத்தோ வைக்கப்படும் நாய்க்குத் தக்க அளவு உடற்பயிற்சி அளிக்கத் தவறுவதை அதன் 11-ஆம் பிரிவு குற்றமாகக் குறிப்பிடுகிறது. அளவுக்கு மீறிக் குறுகிய சங்கிலியில் கட்டிவைப்பதும் அப்பிரிவில் குற்றமே. இதைப் படிக்கும் நம் இல்லங்கள் எத்தனையில், வாயிற்கதவருகே ஓர் உயிர் ஆண்டுக்கணக்கில் நான்கடிச் சங்கிலியில் கிடக்கிறது! ‘நாய் ஜாக்கிரதை’ என்ற பலகைக்கு உயிருள்ள துணையாக மட்டும் அதை வைத்திருக்கிறோம். பிறகு ஒரு நாள் சங்கிலி அறுந்து அது யாரையேனும் கடித்துவிட்டால், நாய் கெட்டது என்கிறோம்.

தோபித்து நூலை வாசித்தவர்கள் ஒரு சிறு செய்தியைக் கவனித்திருப்பீர்கள். இளைஞர் தோபியா வானதூதர் இரபேலோடு நெடும்பயணம் புறப்படும்போது, ஆறாம் அதிகாரத்தில், ஒரு நாயும் உடன் செல்கிறது. பதினொன்றாம் அதிகாரத்தில் அவர்கள் திரும்பும்போதும் அது பின்னே வருகிறது. கதைக்கு அது எவ்வகையிலும் தேவையில்லை. எதையும் காவல் காக்கவில்லை, எவரையும் கடிக்கவில்லை. வானதூதரும் மனிதரும் நடக்கும் வழியில் அதற்கும் ஓர் இடம் இருந்தது, அவ்வளவே. நேர்மையாளர் தம் கால்நடையின் உயிரையும் கருத்தில் கொள்வார் என்னும் நீதிமொழியும் (நீமொ 12:10) இதையே நினைவூட்டுகிறது.

திருச்சபை இப்பொருளில் நடுநிலை தவறாது கற்பிக்கிறது. 1992-இல் வெளிவந்த கத்தோலிக்க மறைக்கல்வி ஏடு, விலங்குகளைத் தேவையின்றித் துன்புறுத்துவது மனித மாண்புக்கே முரணானது என்கிறது. அதே வேளையில், மனிதர் துயர் துடைக்க வேண்டிய பணத்தை அவற்றின் மேல் செலவிடுவதும், மனிதருக்கு மட்டுமே உரிய அன்பை அவற்றுக்குத் திருப்புவதும் தகாது என்கிறது. நாயை நேசிக்கலாம், நேசிக்கத்தான் வேண்டும். ஆனால் அந்நேசம், எதிரே வரும் மனிதரை மறக்கச் செய்யுமானால், அதில் ஏதோ பிசகியிருக்கிறது.

ஆக, கடமைகள் இரண்டு. நாய்க்கு நடையும் காற்றும் ஓட்டமும் தர வேண்டும். அந்நடையால் பிற உயிர்கள் அஞ்சாதிருக்கவும் வேண்டும். இவ்விரண்டையும் ஒருங்கே நிறைவேற்றும் எளிய கருவி ஒன்று உண்டு. அது கயிறு.

யாருமற்ற வெளி என்று ஒன்றில்லை

“தெருவில் சரி, திறந்தவெளியிலும் எதற்குக் கயிறு?” என்று கேட்கலாம். நான் செய்த பிழையே இந்த எண்ணத்தில் அடங்கியிருந்தது. நகரத்திலிருந்து செல்லும் நமக்கு வயல்வெளி வெறுமையாகத் தோன்றுகிறது. ஓய்வுக்காகச் செல்வதால், அது பிறருடைய பணியிடம் என்பது நம் கண்ணில் படுவதில்லை. அறுவடை முடிந்த வயல் ஆட்டுக்காரருக்கு மேய்ச்சல் நிலம். வரப்பு, தலைச்சுமையோடு வரும் பெண்ணுக்கு ஒரே பாதை. ஒரு நாய் குறுக்கே பாய்ந்தால் அவர் ஒதுங்க இடமில்லை. தரிசு, ஆட்காட்டிக் குருவிக்குப் பிள்ளைப்பேற்று அறை. தாய்ப்பறவையையும் குஞ்சுகளையும் ஒருசேரப் பிடிக்கலாகாது என்னும் இணைச்சட்ட நூலின் கட்டளை (இச 22:6-7), வழியில் தற்செயலாகக் கூட்டைக் காண்பவருக்குச் சொல்லப்பட்டது. தற்செயலாக வந்தேன் என்பது விலக்காகாது என்பதே அதன் உட்பொருள்.

கடலோரத்திலும் இதே நிலைதான். ஆண்டின் தொடக்க மாதங்களில் நம் கடற்கரை மணலில் பங்குனி ஆமைகள் இரவில் ஏறிவந்து, குழி தோண்டி, ஒவ்வொன்றும் நூறு முட்டைகள் அளவில் இட்டுச் செல்கின்றன. ஏறத்தாழ 45 முதல் 60 நாள் அவை மணலுக்குள் கிடந்து பொரிக்க வேண்டும். மோப்பம் பிடித்த நாய் ஒன்று, சில நிமிடங்களில் அத்தனையையும் தோண்டி எடுத்துவிடும். பகலில் அவ்விடத்தைக் காணும் நமக்கு அது வெறும் மணல்.

இத்தகைய விதிகள் உலகின் பிற நாடுகளில் நாள் குறித்தே வகுக்கப்பட்டிருக்கின்றன. புதுவையிலிருந்து பிரெஞ்சு நிர்வாகம் விடைபெற்றது 1954 நவம்பர் 1-ஆம் நாள். அதற்கடுத்த மார்ச் 16-இல் பிரான்சில் ஓர் ஆணை பிறந்தது: ஏப்ரல் 15 முதல் ஜூன் 30 வரை, பறவைகளும் விலங்குகளும் ஈனும் காலத்தில், காட்டுப் பாதைகளை விட்டு விலகிக் கயிறின்றி நாய்களை நடத்திச் செல்லலாகாது. இங்கிலாந்திலும் வேல்சிலும் 2000-ஆம் ஆண்டுச் சட்டம், மக்கள் உலவ உரிமை பெற்ற திறந்த நிலங்களில், மார்ச் 1 முதல் ஜூலை 31 வரையிலும், கால்நடைகள் அருகிலிருந்தால் ஆண்டு முழுவதும், 2 மீட்டருக்கு மிகாத கயிற்றில் நாயைப் பிடித்திருக்குமாறு விதித்தது. உலவும் உரிமையை மக்களுக்கு அளித்த அதே சட்டம், அவ்வுரிமையோடு கயிற்றையும் சேர்த்தே அளித்தது கவனிக்கத்தக்கது.

நாம் சட்டத்திற்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. ஆடுமாடு மேயும் இடத்திலும், பறவைகள் முட்டையிடும் காலத்திலும், வளைவுக்கு அப்பால் என்ன இருக்கிறதென்று தெரியாத பாதையிலும் கயிற்றை அவிழ்க்கலாகாது. ஆமைகள் வரும் மாதங்களில் இரவு வேளையில் மணற்கரைக்கு நாயைக் கொண்டு செல்லலாகாது. சரணாலயத்தின் எல்லை நாய்க்குத் தெரியாது, நமக்குத் தெரியும். எதிரே ஆள் வந்தால், அவர் கேட்பதற்கு முன் நாம் கயிற்றைக் குறுக்கி ஓரமாக நிற்க வேண்டும். நாய் கழித்ததை நாமே அகற்ற வேண்டும். அந்த மண்ணில் வெறுங்காலோடு நடப்பவர்களும், வெறுங்கையால் களையெடுப்பவர்களும் உண்டு. நாயை அடக்க வலுவில்லாத சிறுவரிடமோ, மறுக்க இயலாத வீட்டுப் பணியாளரிடமோ கயிற்றைக் கொடுத்தனுப்பலாகாது. இறுதியாக, நாயின் நலனையும் மறக்கலாகாது. நம் ஊர் வெயிலில் நண்பகல் தார்ச்சாலை அதன் பாதங்களைப் பொசுக்கிவிடும். செருப்பணிந்த நமக்கு அது தெரிவதில்லை.

அச்சத்தை அளப்பவர் யார்?

“நாயைக் கண்டு இவ்வளவு அஞ்சலாமா?” என்று சிலர் நகைப்பதுண்டு. அச்சத்திற்கு ஒரு வரலாறு இருக்கிறது. வெறிநோயின் அறிகுறிகள் தோன்றிவிட்டால் பிழைப்பது ஏறக்குறைய இயலாத காரியம். மனிதருக்கு வரும் இந்நோயில் நூற்றுக்கு 99 நாய்களாலேயே வருகின்றன. உலகில் இந்நோயால் இறப்போரில் மூன்றில் ஒரு பங்கிற்கு மேற்பட்டோர் இந்தியர் என்பது உலக நலவாழ்வு நிறுவனத்தின் மதிப்பீடு. 1885 ஜூலை 6 அன்று, வெறிநாய் கடித்த ஒன்பது வயதுச் சிறுவன் ஜோசப் மைஸ்டருக்கு லூயி பாஸ்டர் தம் தடுப்பு மருந்தை முதன்முறையாகச் செலுத்தினார். அவர் பெயரைத் தாங்கிய நிறுவனம் 1907-இல் நம் நீலகிரியின் குன்னூரிலும் தொடங்கப்பட்டது. தொப்புளைச் சுற்றிப் போடப்பட்ட பதினான்கு ஊசிகளை நம் முதியோர் இன்னும் மறக்கவில்லை. அந்த மருந்து இன்று வழக்கில் இல்லை. கையில் போடும் சில ஊசிகளே போதும். ஆனால் கடித்த இடத்தை உடனே 15 நிமிடம் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு கழுவ வேண்டும் என்பதும், தாமதிக்காமல் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும் என்பதும் எல்லாருக்கும் தெரிந்திருக்கவில்லை.

மேலும், அஞ்சுவோர் யாவர் என்றும் பார்க்க வேண்டும். விடியலில் பால் போடுபவர், செய்தித்தாள் போடும் சிறுவர், குப்பை அள்ள வரும் பெண்கள். கடி வாங்கினால் ஊசிக்காக நாள்கணக்கில் கூலியை இழப்பவர்கள் இவர்களே. இவர்களை நோக்கித்தான் பெரும்பாலும் நாம் “ஒன்றும் செய்யாது” என்கிறோம். நம் வீட்டு நாயின் குணத்தை நாம் ஆண்டுக்கணக்கில் பழகி அறிந்திருக்கிறோம். அந்த அறிவை ஒரு நொடியில் நம்பி ஏற்குமாறு அறிமுகமில்லாதவரிடம் கேட்கிறோம். ஏற்க மறுத்தால் கோழை என எண்ணுகிறோம். என் அன்பை அளவுகோலாகக் கொண்டு பிறர் அச்சத்தை அளக்கும் உரிமையை எனக்குத் தந்தவர் யார்?

தெருநாய்கள் இத்தனை இருக்க, கயிறு வாங்கும் வசதியுள்ள சிலரை ஏன் குறை சொல்ல வேண்டும் என்று கேட்கலாம். தெருநாய்ச் சிக்கல் பெரிது. உச்ச நீதிமன்றமே 2025 ஆகஸ்டு 22-இல், அவற்றுக்குக் கருத்தடை செய்து, தடுப்பூசி போட்டு, பிடித்த இடத்திலேயே விடுமாறும், வெறிநோயுற்றவற்றையும் மூர்க்கமானவற்றையும் விடாதிருக்குமாறும் ஆணையிட்டது; அதே ஆண்டு நவம்பர் 7-இல் பள்ளி, மருத்துவமனை, பேருந்து நிலையம் போன்ற இடங்களிலிருந்து அவற்றை அகற்றுமாறும் பணித்தது. ஆனால் தெருநாய்க்கு யாரைப் பொறுப்பாக்குவது என்று ஊர் முழுவதும் தேட வேண்டியிருக்கிறது. வளர்ப்பு நாய்க்குப் பொறுப்பானவர் அதன் பின்னாலேயே நடந்து வருகிறார். அவர் தம் கடமையைச் செய்ய எந்தத் தீர்ப்புக்கும் காத்திருக்க வேண்டியதில்லை. சலித்துப்போய்த் தெருவில் விடப்படும் வளர்ப்பு நாய்களும் தெருநாய்களாகின்றன என்பதையும் நாம் நினைவில் கொள்வது நல்லது.

பிணை நிற்பவர்

அசிசி நகர் பிரான்சிசையும் கூபியோ ஊரின் ஓநாயையும் பற்றிய கதையை நாம் எல்லாரும் மறைக்கல்வி வகுப்பில் கேட்டிருக்கிறோம். விலங்குகளிடம் பிரான்சிஸ் கொண்ட அன்புக்குச் சான்றாகவே அதைச் சொல்வது வழக்கம். அக்கதையை மீண்டும் வாசித்தபோது வேறொன்று என் கண்ணில் பட்டது. ஊர் மக்களின் அச்சம் அறிவீனம் என்று பிரான்சிஸ் ஓரிடத்திலும் சொல்லவில்லை. ஓநாயை ஊர் நடுவே அழைத்து வந்தார். எவருக்கும் தீங்கு செய்யமாட்டேன் என்று எல்லார் முன்னிலையிலும் அதை உறுதியளிக்கச் செய்தார். அதற்கு நாள்தோறும் உணவளிப்போம் என்று மக்களையும் உறுதியளிக்கச் செய்தார். ஓநாய்க்காகத் தாமே பிணையும் நின்றார்.

“ஒன்றும் செய்யாது” என்று சொல்பவரும் பிணைதான் நிற்கிறார். தாம் நிற்பது பிணை என்று அவர் உணர்வதில்லை. பிணை நிற்பவர் கடன் வந்தால் கட்ட வேண்டும். நாம் அதற்கு ஆயத்தமாக இருக்கிறோமா? ஆயத்தமாக இருந்தாலும், செத்துப் பிறந்த குட்டிகளுக்கு எந்தப் பணம் ஈடாகும்? ஆகவேதான் கயிறு, இழப்பீட்டைவிட மேலான நீதி. இழப்பு நேர்ந்தபின் தருவது இழப்பீடு. கயிறு அது நேராமல் தடுக்கிறது.

அந்தப் பங்கை விட்டு மாற்றலாகி வரும் வரையில், நாள் தவறாது மணியைக் கயிற்றில் பிடித்தே வயற்பக்கம் அழைத்துச் சென்றேன். அவனுக்கு ஓட்டம் வேண்டுமென்று, கோயில் வளாகத்தின் வாயிலை மூடிவிட்டுக் காலையில் சிறிது நேரம் அவிழ்த்துவிடுவோம். அவனுக்குப் பழகிவிட்டது, எனக்குப் பழகத்தான் சற்று நாளாயிற்று.

அவ்வாண்டு மழைக்குப் பின், மீண்டும் தாள் நிற்கும் வயலில், அதே பனைமரத்தடியில் அம்மூதாட்டியைக் கண்டேன். ஒரு கால் சற்று வளைந்த ஆடு ஒன்றும் மற்ற ஆடுகளோடு மேய்ந்துகொண்டிருந்தது. எங்களைக் கண்டதும் ஆடுகள் தலைதூக்கின. நான் கயிற்றை இரண்டு சுற்றுக் கையில் சுற்றிக்கொண்டு வரப்பின் மறுபுறம் நின்றேன். மூதாட்டி எழுந்திருக்கவில்லை; “போங்க சாமி” என்பதுபோல் கையை அசைத்தார். ஆடுகள் சிறிது நேரம் பார்த்துவிட்டு மீண்டும் மேயத் தொடங்கின. மணியின் குணம் அன்றும் அவற்றுக்குத் தெரியாது. அவன் கழுத்துக்கும் என் கைக்கும் இடையே இருந்த கயிற்றின் நீளம் தெரிந்திருந்தது. அது அவற்றுக்குப் போதுமானதாக இருந்தது.